இரண்டு கோர் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? ப்ராசஸரில் கை வைக்கும் முன்

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் வந்தான். "அண்ணே, நாலு டேப் திறந்து, கூடவே எக்செல்லும் திறந்தா ஹேங் ஆகுது. டூயல் கோர்தானே, ப்ராசஸரை மாத்திடலாமா?" என்று கேட்டான். 2018-ல் நானும் இதே முடிவுக்குத்தான் போனேன். அதனால்தான் கம்ப்யூட்டர் ஹேங் ஆகும்போது பலர் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். தூசி துடைக்காதது, கண்டதையெல்லாம் இன்ஸ்டால் செய்வது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

ஹேங் ஆனாலே ப்ராசஸர்தான் என்று முடிவு கட்டுவது

சித்தப்பா வீட்டில் இருந்தது பென்டியம் ஜி4400. 2 கோர் (ப்ராசஸருக்குள் வேலை பார்க்கும் பகுதி), 3.3 கிகாஹெர்ட்ஸ், 4 ஜிபி ரேம் (திறந்திருப்பவை தங்கும் தற்காலிக இடம்), ஒரு ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தங்கை பிரவுசரைத் திறந்துவிட்டால் சித்தப்பாவின் கணக்கு ஃபைல் திறக்க ஒரு நிமிடம் ஆகும். நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. "ப்ராசஸர் பத்தவில்லை சித்தப்பா" என்று சொல்லி, ஏறத்தாழ 9,000 ரூபாய் செலவில் ஐ3-7100 ப்ராசஸர் வாங்கிப் போட்டேன். மறுநாள் போன் வந்தது. "என்னப்பா, பழையபடிதானே இருக்கு?"

இதை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பணம் அவருக்கு ஒரு மாத வீட்டு வாடகை.

நடந்தது இதுதான். ஒரு கோர் ஒரு வேலையைச் சில மில்லி செகண்ட் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். யாருக்கு எப்போது முறை என்பதை விண்டோஸ் தீர்மானிக்கும். திறந்திருக்கும் புரோகிராம்களில் பெரும்பாலானவை நாம் கீயை அழுத்தவோ நெட்டிலிருந்து தகவல் வரவோ காத்துக்கொண்டு சும்மா இருப்பவை. அதனால் வீட்டு வேலைக்கு 2 கோர் தாராளமாகப் போதும்.

சிக்கல் ரேம் நிரம்பும்போது வருகிறது. இடம் இல்லாததால் விண்டோஸ் சிலவற்றை எடுத்து டிஸ்க்கில் வைக்கும். நாம் அந்த டேபுக்குத் திரும்பினால் மறுபடி அங்கிருந்து கொண்டுவர வேண்டும். 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில் முள் நகர்ந்து, தட்டு சுற்றி, ஒரு துண்டை எடுக்கச் சுமார் 10 மில்லி செகண்ட். அதற்குள் 3.3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் 3 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளைக் கடந்திருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டியிருந்தால், எவ்வளவு வேகமான ப்ராசஸரும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஹேங் ஆகும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு 30 சதவீதத்தில் இருக்க, மெமரி (அதாவது ரேம்) 90-ஐத் தாண்டி, டிஸ்க் 100-ல் நின்றால் ப்ராசஸர் மேல் தவறில்லை. போன் வந்த பிறகு பார்த்தபோது சித்தப்பா வீட்டில் அப்படியேதான் இருந்தது. காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி ரேம், விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (முள்ளும் தட்டும் இல்லாத வேகமான டிஸ்க்). அதோடு சரியானது. பழைய பென்டியத்தோடு இதைச் செய்திருந்தாலே போதும்.

சிபியு 50 சதவீதம்தானே என்று நினைப்பது

ஜி4400 போல 2 கோர், 2 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில், ஒரே த்ரெட்டில் ஓடும் புரோகிராம் ஒரு கோரை முழுக்கப் பிடித்துக்கொண்டாலும் டாஸ்க் மேனேஜர் சுமார் 50 என்றுதான் காட்டும். அந்தப் புரோகிராம் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. ஜி4560 போல 4 த்ரெட் உள்ளதில் இதே நிலை 25 என்று தெரியும். வீடியோ கன்வர்ட் செய்யும்போது எல்லாக் கோரும் 100-ல் நின்றால், அப்போது ப்ராசஸர் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

எம்எஸ்கான்ஃபிக்கில் ப்ராசஸர் எண்ணிக்கையை 2 என்று போடுவது

எம்எஸ்கான்ஃபிக் என்பது விண்டோஸ் தொடங்கும் விதத்தை அமைக்கும் கருவி. அந்த எண்ணிக்கை கோர்களைக் குறைத்துச் சோதிக்க வைத்த வசதி. தொடாமல் விட்டால் விண்டோஸ் எல்லாக் கோரையும் தானே பயன்படுத்தும்.

இரண்டு 3.3 கிகாஹெர்ட்ஸ் கோர் சேர்ந்தால் 6.6 என்று கணக்குப் போடுவது

ஆகாது. ஒவ்வொரு கோரும் தன் வேலையை 3.3 வேகத்தில்தான் பார்க்கும்.

ரியல்டைம் முன்னுரிமை கொடுப்பது

டாஸ்க் மேனேஜரில் ஒரு புரோகிராமுக்கு மற்றதையெல்லாம் தள்ளி முதலிடம் கொடுக்கும் அமைப்பு இது. வேண்டாம். மவுஸ்கூட நகராமல் போகலாம்.

பக்கத்துத் தெருப் பையன் காட்டிய டாஸ்க் மேனேஜர் படத்தில் சிபியு 28, மெமரி 93, டிஸ்க் 100. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இருக்கும் ரேம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ, இன்னொரு ஸ்லாட் காலியா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.