ஓர் இனம் இரண்டாகப் பிரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வழி

பரிணாமம் என்றதும் குரங்கு நிமிர்ந்து நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் படத்தைப் பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். ஓர் இனம் இரண்டாகப் பிரிவதுதான் விஷயமே. அது அந்தப் படத்தில் எங்கும் இல்லை. நான் பொள்ளாச்சிக்காரன். என்னோடு பறவை பார்க்க வரும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து மலைகளை வைத்தே சொல்லிவிடுவேன்.

முதலில் ஒரு தடையைக் காட்டுங்கள். தெற்கே ஆனைமலை, வடக்கே நீலகிரி, நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் நம் தென்னைகளைப் போட்டு ஆட்டுகிற காற்று வரும் வழி.

அப்புறம் அந்தத் தடையைத் தாண்டாத ஓர் உயிரைத் தேடுங்கள். யானையைப் பிடித்துக்கொண்டால் கதை நகராது. என் தேர்வு சோலைக்கிளி. பெயர்தான் கிளி, ஆள் மைனாவைவிடச் சின்னது, நீல நிறம், சோலைக்காட்டின் இருட்டில் சருகுக்கு நடுவே பூச்சி பொறுக்கும். மலை உச்சிச் சோலையை விட்டுக் கீழே இறங்கி, வெயில் காயும் கணவாயைக் கடப்பது அதன் சுபாவத்தில் இல்லை.

இப்போது இரண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நீலகிரியில், கோத்தகிரி லாங்வுட் சோலையில் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே, கொடைக்கானல் பக்கத்துப் பறவைக்கு அந்தச் சிவப்பு கிடையாது. விலா சாம்பல் நீலம், வயிறு வெள்ளை. நீலகிரிப் பறவைக்கு 1844-இல் ஜெர்டன் என்ற ஆய்வாளர் பெயரிட்டார், தெற்குப் பறவைக்கு 1868-இல் பிளான்ஃபோர்டு என்பவர். பிறகு நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகள் என்று வைத்திருந்தார்கள். இன்று இரண்டும் தனித்தனி இனங்கள்.

"ஒன்றாக இருந்தது எப்படி சார் வேறானது?" என்று கேள்வி வரும். அதற்குப் புளியங்கொட்டை. தாயம் விளையாட உரசுவது போலப் பாதிக் கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாக உரசிக்கொள்ளுங்கள். இரண்டு கிண்ணம், ஒவ்வொன்றிலும் நான்கு வெள்ளை, நான்கு கறுப்பு. கண்ணை மூடி ஒரு கிண்ணத்திலிருந்து நான்கை எடுங்கள். அவைதான் குஞ்சு பொரித்தவை. மீதியை ஒதுக்கிவிட்டு, எடுத்த நான்குக்கும் அதே நிறத்தில் ஜோடி சேர்த்து மறுபடி எட்டாக்குங்கள். இப்படியே இரண்டு கிண்ணத்திலும் சுற்று சுற்றாகச் செய்துகொண்டே போனால், பெரும்பாலும் பத்துப் பதினைந்து சுற்றில் ஒவ்வொரு கிண்ணமும் ஒரே நிறமாகிவிடும். எந்த நிறம் என்பது அதிர்ஷ்டம். இரண்டும் ஒரே நிறமாக முடிந்தால் இன்னொரு ஆட்டம் போடுங்கள், பிள்ளைகள் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்கள்!

கொட்டை ஆட்டம் தற்செயலை மட்டுமே காட்டும். இயற்கைத் தேர்வு, புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றங்கள், பெட்டைக்கு எந்தப் பாட்டு பிடிக்கிறது என்பது, இவையும் இரு பக்கமும் தனித்தனியாக வேலை செய்யும் என்று சொல்லிவிடுங்கள். கலப்பு நின்றுவிட்டதால் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் எதிரெதிரே வந்தாலும் ஜோடி சேராது, சேர்ந்தாலும் குஞ்சு தேறாது என்ற நிலை வரலாம். அந்த நிலைதான் இனம் பிரிந்ததற்கு நல்ல அடையாளம். ஆனால் இந்தப் பறவைகள் சந்திப்பதே இல்லையே! அதனால் மரபணு, பாட்டு, உடல் அளவு ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். (பாட்டைச் செல்போனில் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள், குறிப்பாகக் கூடு கட்டும் காலத்தில்.)

ஒரு எச்சரிக்கை. கணவாய் இருந்தாலே இனம் பிரிந்துவிடும் என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வரையாடு கணவாய்க்கு இரண்டு பக்கமும் உண்டு, ஒரே இனம்தான். நீலகிரி ஈப்பிடிப்பான் என்ற பறவையும் அப்படியே. கணவாயும் சோலைக்கிளிகளைவிட எவ்வளவோ பழசு. அது உருவான அன்றே எல்லாம் பிரிந்துவிடவில்லை. தட்பவெப்பம் மாறி மாறிச் சோலைகள் ஏறியும் இறங்கியும், சேர்ந்தும் பிரிந்தும் வந்திருக்கின்றன.

நன்றாகப் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னும் தெற்கே இருக்கும் செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அனுப்புங்கள், வரைபடத்தில்தான். அது பாலக்காட்டைவிடக் குறுகல். அங்கே அகத்தியமலைப் பக்கத்துச் சோலைக்கிளியைத் தனி இனம் என்று 2017-இல் வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் பெயரிட்டார்கள். அதை ஒப்புக்கொள்ளாத பறவைப் பட்டியல்களும் உண்டு. யார் சரி என்று அந்தப் பிள்ளையையே வாதாடச் சொல்லுங்கள். விலா நிறத்தை மட்டும் வைத்து வாதாடினால் மதிப்பெண் போடாதீர்கள்.