கல்லூரி மல்யுத்த அணியின் சீசனை அலசி எழுதுவது எப்படி

2025 மார்ச்சில் பிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் பென் ஸ்டேட், நெப்ராஸ்கா, ஓக்லஹோமா ஸ்டேட் ஆகிய மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு இரண்டு சாம்பியன்கள் கிடைத்தார்கள். ஆனால் அணிப் புள்ளிகளைப் பாருங்கள்: 177, 117, 102.5. தங்கம் வாங்கியவர்களின் எண்ணிக்கை மூன்று அணிக்கும் சமம்தான். அப்படியென்றால் அந்த அறுபது, எழுபது புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஒரு அணியின் சீசனைத் திரும்பிப் பார்த்து எழுத உட்காரும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ஜெயித்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். மீதி எட்டு எடைப்பிரிவில் என்ன நடந்தது என்பதில்தான் அணியின் கதை இருக்கிறது.

ஒலிம்பிக்கில் பஜ்ரங், அமன் செராவத் ஆடியதைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஃப்ரீஸ்டைல், இது ஃபோக்ஸ்டைல். ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் முதுகைத் தரைப்பக்கம் ஒரு நொடி திருப்பிக் காட்டினாலே புள்ளி. இங்கே அப்படி இல்லை, கட்டுப்பாடுதான் பேச்சு. எதிராளியைக் கீழே போட்டு மேலே உட்கார்ந்து அவனை எழவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து எண்ணுகிறார்கள். அதில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ முன்னிலை இருந்தால் கடைசியில் ஒரு புள்ளி சேரும். கீழே இருப்பவன் தப்பித்தால் 1, தப்பித்து மேலே வந்துவிட்டால் 2. நின்ற நிலையிலிருந்து வீழ்த்தும் டேக்டவுனுக்கு 2022-23 சீசன் வரை 2 புள்ளி இருந்தது, 2023-24 சீசனிலிருந்து 3. இந்த மாற்றத்தை மறந்துவிட்டு பழைய சீசனோடு புதிய சீசனை ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள், பலரும் தடுக்கி விழும் இடம் இது. டேக்டவுன் பெரிதானதும் 8 புள்ளி, 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பதும், அதனால் அணிக்குக் கூடுதல் புள்ளி கிடைப்பதும் முன்னைவிட எளிதாகிவிட்டது. 1997-ல் டான் கேபிள் பயிற்சி கொடுத்த அயோவா எடுத்த 170 புள்ளிகள் 27 ஆண்டு சாதனையாக நின்றன. 2024-ல் பென் ஸ்டேட் 172.5 எடுத்து அதை முறியடித்தது, அடுத்த ஆண்டே 177. பென் ஸ்டேட்டின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது விதி மாறியதையும் ஒரு வரி சொல்வதுதான் நேர்மை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ஒரு நோட்டில் பத்து பக்கம் ஒதுக்குங்கள். 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 பவுண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பக்கம். நவம்பரிலிருந்து யார் யார் அந்த இடத்தில் இறங்கினார்கள், யாரிடம் தோற்றார்கள், எத்தனை புள்ளி வித்தியாசத்தில், எல்லாம் அதில் வரட்டும். 'வெற்றி 20, தோல்வி 6' என்று மட்டும் எழுதி வைத்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஆறு தோல்வியும் முதல் பத்து இடத்தில் உள்ளவர்களிடமா, இல்லை பெயர் தெரியாத ஆட்களிடமா? ஒரே ஆளிடம் மூன்று முறையா? நவம்பரில் 9 புள்ளியில் தோற்றவன் பிப்ரவரியில் அதே ஆளிடம் 1 புள்ளியில் தோற்றிருந்தால், கணக்கில் இரண்டும் தோல்விதான், ஆனால் பையன் வளர்ந்திருக்கிறான்.

அப்புறம் டூவல்கள், அதாவது இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதும் நாள். சாதாரண வெற்றிக்கு அணிக்கு 3 புள்ளி, 8 முதல் 14 வரை வித்தியாசம் என்றால் 4, 15 வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்து 5, தோள்களைப் பாயில் அழுத்திவிட்டால் (இதைத்தான் 'பின்' என்பார்கள்) 6. இங்கே கவனிக்க வேண்டியது தோற்றவர்களைத்தான். பலமான எதிராளியிடம் பின் ஆகாமல், 7 புள்ளிக்குள் வைத்துத் தோற்ற ஒருவன் தன் அணிக்கு 3 புள்ளி காப்பாற்றித் தந்திருக்கிறான். நெருக்கமான டூவலில் அதுதான் முடிவைத் தீர்மானிக்கும், ஆனால் மறுநாள் செய்தியில் அவன் பெயர் தோற்றவர் பட்டியலில் மட்டும் இருக்கும். உங்கள் கட்டுரையில் அவனுக்கு ஒரு பத்தி கொடுங்கள்.

எடை பற்றி எழுதாமல் மல்யுத்த சீசனை எழுத முடியாது. நடுவில் ஒருவன் 149-லிருந்து 157-க்கு ஏறியிருந்தால் காரணம் தேடுங்கள். 1997 கடைசியில் எடை குறைக்கப் போய் ஆறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் சீசன் தொடக்கத்தில் உடல் நீர்ச்சத்தையும் கொழுப்பையும் சோதித்துக் குறைந்தபட்ச எடையை நிர்ணயிப்பது, வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது எல்லாம் கட்டாயமாயின. அதனால் மேல் பிரிவுக்குப் போனவனைப் பார்த்து 'எடை பிடிக்கத் தெரியவில்லை' என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுவது நல்ல முடிவு. அதே போல, பாயில் காணாத முதலாண்டுப் பையன் காணாமல் போய்விட்டான் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ரெட்ஷர்ட்டில் இருப்பான். ஒரு வருடம் அணிக்காக இறங்காமல் பயிற்சியும் சில தனித் தொடர்களும் மட்டும், கல்லூரிக்காக ஆட அனுமதி உள்ள ஆண்டுகளின் கணக்கில் அந்த ஆண்டு போகாது.

மார்ச்சுக்கு அதிக இடம் ஒதுக்குங்கள், பாதிக் கட்டுரையே போனாலும் பரவாயில்லை. பிரிவுக்கு 33 பேர், மூன்று நாள், இரண்டு தோல்வி வந்தால் வீட்டுக்கு. முதல் எட்டு இடத்தில் வருபவர்களுக்கு ஆல்-அமெரிக்கன் பட்டம். இடத்துக்கான அணிப் புள்ளி 16, 12, 10, 9, 7, 6, 4, 3. அதற்கு மேல் இன்னும் தோற்காதவர்கள் ஆடும் முக்கியப் பக்கத்தில் ஒவ்வொரு சுற்று முன்னேறும்போதும் 1, ஒரு முறை தோற்றவர்கள் ஆடும் பக்கத்தில் 0.5. அதோடு பின் செய்தால் 2, 15 புள்ளி வித்தியாசத்துக்கு 1.5, எட்டுக்கு 1 என்று கூடுதல். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அந்த 177 எப்படி வந்தது என்று புரியும்: பென் ஸ்டேட்டின் பத்து பேரும் ஆல்-அமெரிக்கன் ஆனார்கள். இதற்கு முன் 2001-ல் மினசோட்டா அதைச் செய்தது, அதில் இன்னும் ஆச்சரியம், அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. ஆனாலும் கோப்பை அவர்களுக்குத்தான்.

தோற்றவர்கள் பக்கத்தை ஆட்டம் ஆட்டமாகப் பின்தொடருங்கள். 2024-ல் பென் ஸ்டேட்டின் டைலர் காசக், முதலாண்டு மாணவர், 149-ல் முதல் சுற்றிலேயே தோற்றார். அங்கிருந்து தொடர்ந்து ஏழு ஆட்டங்களை ஜெயித்து மூன்றாம் இடம். முதல் நாள் காலையிலேயே தோற்ற ஒருவர் அதே இரவிலும் அடுத்த இரண்டு நாளும் திரும்பத் திரும்பப் பாயில் ஏறியிருக்கிறார் என்பதை எழுதாவிட்டால் அந்தச் சீசன் முழுமையாகாது. இந்தப் பக்கத்தில் ரசிகர்கள் 'பிளட் ரவுண்ட்' என்று சொல்லும் ஒரு சுற்று உண்டு. அதில் ஜெயித்தால் ஆல்-அமெரிக்கன், தோற்றால் வெறும் கையோடு ஊர். உங்கள் அணியில் யார் அங்கே நின்றார்கள், யார் கடைசி முப்பது நொடியில் கைவிட்டார்கள், யார் இரண்டு வருடமாக அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்று பாருங்கள்.

பெரிய ஆட்டம் ஒன்றை மட்டும் விரிவாக எழுதுங்கள். எல்லாவற்றையும் விரித்தால் எதுவும் நிற்காது. ஓக்லஹோமா ஸ்டேட் பற்றி நான் எழுதினால் 2025 சாம்பியன்ஷிப்பின் 285 பிரிவு இறுதிப் போட்டியை எடுப்பேன். எதிரே டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சன். வயட் ஹெண்ட்ரிக்சன் கடைசி நொடிகளில் டேக்டவுன் எடுத்து 5-4 என்று முடித்தார். டேவிட் டெய்லர் அங்கே பயிற்சியாளராக வந்த முதல் சீசன் அது; ஹெண்ட்ரிக்சனும் 174-ல் சாம்பியன் ஆன டீன் ஹமிட்டியும் அந்த ஆண்டுதான் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். இதைச் சொன்னால் ஆட்டமும் தெரியும், அணியைக் கட்டிய விதமும் தெரியும்.

ஒரே தோல்வியை வைத்து யாரையும் முடித்துவிடாதீர்கள். டான் கேபிள் கல்லூரிக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் தோற்றார், அதுவும் 1970-ல் தன் கடைசி ஆட்டத்தில், லாரி ஓவிங்ஸிடம். அந்த ஆண்டும் அணிப் பட்டம் அவர் மாணவராக ஆடிய அயோவா ஸ்டேட்டுக்குத்தான் போனது. இரண்டு ஆண்டுக்குப் பின் ம்யூனிக்கில் அவருக்கு ஒலிம்பிக் தங்கம்.

கடைசியாக, அதே பத்து பக்கத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி: இவர் அடுத்த ஆண்டு இருக்கிறாரா, இல்லையென்றால் அந்த எடையில் யார். வேறு கல்லூரிக்கு மாறுவது இப்போது சகஜம், பல பெரிய கல்லூரிகளில் அணிக்கு 30 பேர் என்ற வரம்பும் வந்துவிட்டது. ரெட்ஷர்ட்டில் இருந்த பையன் தனித் தொடர்களில் யாரை வென்றான் என்பதையும் அங்கேயே குறித்து வையுங்கள், நவம்பரில் அவன் பாயில் இறங்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பீர்கள்.