வெளிநாட்டுக்கு மீன் ஆராய்ச்சிக்குப் போற யூஜி பசங்க வழக்கமா பண்ற தப்புகள் (பாம்பன்லயே சரி பண்ணிக்கலாம்)

நம்ம ராமநாதபுரம் பக்கத்துல விலங்கியல், மெரைன் பயாலஜி, மீன்வளம்னு படிக்கிற பசங்க இப்ப சம்மர் ப்ரோக்ராம்னு ஆஸ்திரேலியா, ஃபிஜி, இந்தோனேஷியானு அப்ளை பண்றாங்க, நல்ல விஷயம். டாபிக் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கடல் மீன் மேல மனுஷனோட பாதிப்பு. ஆனா மனுஷன்னு தலைப்புல மட்டும் இருக்கும், உள்ள பாத்தா மீன் எண்ணிக்கைதான் பக்கம் பக்கமா ஓடும். யாரு, எந்த நாளு, எந்த வலையில பிடிச்சாங்கன்னு ஒரு வரி இருக்காது. எனக்குத் தெரிஞ்சு மத்த தப்பு எல்லாமே இதுலேர்ந்துதான் கிளம்புது.

நாள் விஷயத்தையே எடுத்துக்குவோம். ராமேஸ்வரத்துல விசைப்படகு திங்கள், புதன், சனிதான் போகும், மத்த நாலு நாளு நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையிலதான் கரைக்கு வரும். இது தெரியாம லீவு நாளுதானேன்னு ஞாயிறு ஞாயிறா துறைமுகத்துக்குப் போய் டேட்டா எடுத்தா நீங்க பாக்குறது முழுக்க இழுவை மடி (விசைப்படகு கடலடியில இழுத்துட்டுப் போற வலை) மீனு, அதை வச்சு "இந்தக் கடலோட மீன்வளம்"னு எழுதுனா எப்படி? அப்புறம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், 61 நாளு. 2017க்கு முன்னாடி அது 45 நாளுதான், அதனால பழைய வருஷ மே கடைசி, ஜூன் மாச டேட்டாவை இப்பத்தியதோட அப்படியே பக்கத்துல வச்சு கிராஃப் போடக் கூடாது. காத்து வேற இருக்கு. வாடைக் காலத்துல (வடகிழக்குக் காத்து) வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கும்போது தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடாவுல, தொழில் பாக்குறது கஷ்டம், பாம்பன்காரங்க பல பேரு காத்தைப் பாத்துத்தான் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போறதுன்னு முடிவு பண்றாங்க. ஒரே கிராமம், ஆறு மாசத்துல ரெண்டு கடலு. வெளிநாட்டுலயும் இதே கதைதான். இந்தோனேஷியாவுல மலுக்கு, பப்புவா பக்கம் சாசின்னு ஒரு வழக்கம், ஊரே சேந்து கொஞ்ச காலம் கடலை மூடி வைப்பாங்க, அப்புறம் திறப்பாங்க. திறந்த உடனே போய் எண்ணுறதும் மூடி இருக்கும்போது எண்ணுறதும் ஒண்ணா? அதனால போன உடனே ஸ்நார்கலை மாட்டாம, ஊர்க்காரங்ககிட்ட உக்காந்து ஒரு காலண்டர் எழுதுங்க, எந்த மாசம் என்ன வலை, எந்த நாளு கடலுக்குப் போகமாட்டாங்க, அம்மாவாசை பௌர்ணமிக்கு என்ன மாறுது எல்லாம்.

அடுத்து சங்காயம், அதாவது ஏலத்துக்குப் போகாத கழிவு மீனு. விசைப்படகு வந்த காலையில துறைமுகத்துல நின்னு பாருங்க, இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனின்னு பெட்டி பெட்டியா பிரிச்சு ஏலத்துக்குப் போகும், நம்ம பசங்க அந்தப் பெட்டியை எண்ணி எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. ஓரத்துல குவியலா கெடக்கும் பாருங்க, விரல் நீளத்துக்கு காரலு, குட்டி நண்டு, நசுங்கிப்போன சின்ன மீனு, பேரு தெரியாத என்னென்னமோ, அதை அள்ளி லாரியில போட்டா மீன் மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போயிடும். பாதிப்புன்னு நீங்க தேடி வந்தது அந்தக் குவியல்லதான் இருக்கு. அதுல மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒரு கிலோ சேத்துக்குங்க (மேல இருக்குறதை மட்டும் எடுத்தா பெரிய மீனா வந்துரும்), இனம் பிரிங்க, ஒவ்வொண்ணா நீளம் அளங்க, அந்த இனம் எந்த நீளத்துல முட்டைக்கு வரும்னு ஃபிஷ்பேஸ்ங்கிற மீன் தகவல் வெப்சைட்ல இலவசமா பாக்கலாம், எத்தனை சதவீதம் அதுக்கும் கீழ இருக்குன்னு கணக்கு போடுங்க. அந்த ஒரு நம்பர் பத்து பக்க விளக்கத்தை விட மேல். சிலது கடல்லயே தூக்கிப் போட்டுட்டு வந்துருப்பாங்க, அதையும் கேட்டு எழுதிக்கணும்.

பெர்மிட் பத்தி நெறைய சொல்ல வேண்டாம், ஆனா மாட்டுனா பெருசா மாட்டுவீங்க. டூரிஸ்ட் விசாவுல போய் ஆராய்ச்சி பண்றது பல நாட்டுல சட்டப்படி தப்பு. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுல 2004லேர்ந்து மூணுல ஒரு பங்கு மீன் பிடிக்கவே கூடாத பச்சை ஸோன், அங்க சாம்பிள் எடுக்க தனி அனுமதி வேணும். ஃபிஜியில அரசாங்கப் பேப்பர் மட்டும் இருந்தா பத்தாது, கிராமத் தலைவர்கிட்ட யங்கோனா (காவா பானம் செய்யுற செடி) வேரு கட்டு கொண்டு போய் வச்சு முறைப்படி கேக்கணும், செவுசெவுன்னு பேரு. நம்மூர்ல ஊர்த் தலைவரையும் சங்கத் தலைவரையும் பாக்காம கடற்கரையில டேப்பு புடிச்சு அளந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்ல, அங்கயும் அதேதான். இங்க பழகும்போதும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோட 21 தீவுலயும் வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை, செத்து ஒதுங்குன துண்டா இருந்தாலும் சரி, ஞாபகத்துக்குன்னு பையில போடவே போடாதீங்க, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் ஆயிடும்.

தண்ணிக்குள்ள எண்ணுற பசங்களுக்கு ரெண்டு விஷயம். மாஸ்க் போட்டா மீன் நெசமா இருக்குறதை விட மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும், அதனால பிவிசி பைப்பை வேற வேற நீளத்துல வெட்டி தண்ணிக்குள்ள போட்டு கண்ணால அளந்து பழகுங்க. இன்னொண்ணு, ஈட்டி வச்சு வேட்டையாடுற இடத்துல மீனு ஆளைப் பாத்தாலே தூரத்துலயே ஓடிரும், பாதுகாத்த இடத்துல பக்கத்துலயே சுத்தும். ரெண்டு இடத்துல எண்ணுன வித்தியாசத்துல ஒரு பகுதி இந்த பயம்தான், எல்லாத்தையும் "மீன் அழிஞ்சிருச்சு"ன்னு எழுதிரக் கூடாது.

ஒரே ஆளு மேல பழி போடுறதும் நடக்கும். பாம்பன் பக்கத்துல இருக்குற குருசடை தீவுல பவளம் போனதுக்கு விசைப்படகு, டூரிஸ்ட்டுன்னு ஈஸியா எழுதிரலாம், ஆனா அங்க வளர்ப்புக்காகக் கொண்டு வந்த கப்பாஃபைகஸ்ங்கிற வெளிநாட்டுக் கடல்பாசி பவளத்து மேல படர்ந்து மூடுனது இருக்கு, 2010லயும் 2016லயும் கடல் சூடாகி பவளம் வெளுத்தது இருக்கு, இந்த வளைகுடாவுல பல வருஷமா பவளக்கல்லு வெட்டி எடுத்ததும் இருக்கு. எங்க போனாலும் இப்படி அடுக்கு அடுக்கா இருக்கும், ஒப்பிட்டுப் பாக்க ஆழமும் அடித்தளமும் ஒத்துப்போற இன்னொரு இடத்தைத் தேடுங்க, ஊருக்குத் தூரமா இருந்தா மட்டும் போதாது.

கேள்வி கேக்குறப்ப "மீன் கொறஞ்சிருச்சா அண்ணே?"ன்னு கேட்டா "ஆமா தம்பி"ன்னுதான் பதில் வரும், உலகம் பூரா. வலைக் கண்ணு எவ்ளோ, எத்தனை மணி நேரம் இழுத்தீங்க, டீசல் எவ்ளோ போச்சு, அப்பா காலத்துல எவ்ளோ தூரம் போனாங்கன்னு கேளுங்க. எந்த இடத்துல வலை போட்டீங்கன்னு ஜிபிஎஸ் பாயிண்ட் மட்டும் கேக்காதீங்க, எல்லைப் பிரச்சனை இருக்குற கடல்ல அந்தக் கேள்வியே ஆளை பயமுறுத்தும், பச்சை ஸோன் இருக்குற ஊர்லயும் அப்படித்தான். ஆம்பளைங்ககிட்ட மட்டும் பேசிட்டு வராதீங்க. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க எத்தனை நாளு எடுக்கலாம், எப்ப நிறுத்தணும்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு போட்டு வச்சிருக்காங்க, அங்க லட்சுமி மூர்த்திக்கு 2015ல சீகாலஜி பரிசு (தீவுகளைப் பாதுகாக்குறவங்களுக்குக் குடுக்குற சர்வதேசப் பரிசு) கெடச்சுச்சு, ஆனா துறைமுகத்துல மட்டும் நின்னா இவங்க யாரும் உங்க கண்ணுல படமாட்டாங்க. ஃபிஜியிலயும் தண்ணி வத்துன நேரத்துல திட்டுல சிப்பியும் நண்டும் பொறுக்குறது பெரும்பாலும் பொம்பளைங்கதான்.

அப்புறம் சின்ன விஷயம், ஆனா இதுலதான் பாதி சாம்பிள் வீணாப்போகுது. பாட்டில் மேல பேனாவுல எழுதுனா எத்தனால் பட்ட உடனே மை கரைஞ்சிரும். கெட்டியான பேப்பர்ல பென்சிலால தேதி, இடம், வலை, ஆழம் எழுதி பாட்டிலுக்கு உள்ளயே போட்டுருங்க, ஒவ்வொரு மீனையும் ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துருங்க, அந்த நம்பரையே நோட்டுலயும் எழுதிக்குங்க.