மீன் தொட்டிக்கு ஸ்டாண்டும் ஃபில்டரும்: வாங்கும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொட்டியை வாங்குகிறார்கள், அப்புறம் மீன். ஸ்டாண்டும் ஃபில்டரும் கையில் மிச்சமிருக்கும் காசுக்கு ஏற்றபடி கடைசியில் வருகின்றன. இந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் நிரப்பிய தொட்டியை யாராலும் நகர்த்த முடியாது. ஸ்டாண்ட் ஆடுகிறது என்று பிறகு தெரிந்தால் மீன், கல், செடி, தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஃபில்டர் பொருந்தவில்லை என்றால் அந்தக் கஷ்டம் முழுவதும் மீனுக்கு. அதோடு, எந்த ஃபில்டர் என்பதைப் பொறுத்து ஸ்டாண்டின் உயரமும் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் மாறும். அதனால் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 1: எடையைக் கணக்குப் போடுங்கள்

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 60 × 30 × 40 அளவுள்ள தொட்டி 72 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 72 கிலோ. கண்ணாடி, அடியில் போடும் சரளைக்கல், அலங்காரக் கற்கள் எல்லாம் சேர்ந்தால் 90 முதல் 100 கிலோ வரை வரும். சின்னத் தொட்டி என்று நாம் நினைப்பதற்கே இவ்வளவு. 120 × 45 × 50 அளவுக்குப் போனால் மொத்த எடை 350 கிலோவை நெருங்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் டிவி மேசை, புத்தக அலமாரி, பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லாம் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும்.

படி 2: இடம்

நேரடி வெயில் படாத இடம் வேண்டும். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரின் சூடும் ஏறி இறங்கும். கதவு வந்து மோதும் இடம், ஆட்கள் நெருக்கி நடக்கும் வழி, இரண்டும் வேண்டாம். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். மாடி வீட்டில் பெரிய தொட்டி என்றால் அறையின் நடுவில் வைக்காமல், எடை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். மரத்தளமாக இருந்தால் கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

படி 3: ஸ்டாண்டைச் சோதித்துப் பாருங்கள்

கடைகளில் ‘இவ்வளவு கிலோ தாங்கும்’ என்று சொல்வார்கள். மேலிருந்து அழுத்தும் எடையைப் பல ஸ்டாண்டுகள் தாங்கிவிடும். ஆபத்து வருவது பக்கவாட்டு ஆட்டத்தால்தான். யாராவது இடித்தாலோ, குழந்தை பிடித்து இழுத்தாலோ, உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலையடிக்கும். கால்கள் அந்தத் திசையில் வளையப் பார்க்கும். இதைத் தடுப்பது, பின்பக்கம் குறுக்காக அடித்த சட்டமோ முழுப் பலகையோதான். நான்கு கால்களும் மேலே ஒரு பலகையும் மட்டும் இருந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

சோதனை சுலபம். காலி ஸ்டாண்டின் மேல் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளுங்கள். லேசாக ஆடினாலும் வேண்டாம். அப்புறம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அழுத்திப் பாருங்கள். நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். உயரம் அதிகமாகவும் அடிப்பாகம் ஒடுக்கமாகவும் இருக்கும் ஸ்டாண்ட் எளிதில் கவிழும்.

பொருளைப் பொறுத்தவரை, வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டை நம்பலாம். ஈரம் படும் இடத்தில் பெயின்ட் உரிந்தால் துரு பிடிக்கும்; அவ்வப்போது பார்த்துப் பூசினால் போதும். தடிமனான பிளைவுட்டும் கெட்டி மரமும் நல்லவைதான், விளிம்புகள் உட்பட வார்னிஷ் அடித்திருந்தால். மரத்தூளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிகிள் போர்டை மட்டும் யோசித்து வாங்குங்கள். புதிதாக இருக்கும்போது உறுதியாகத்தான் தெரியும். தண்ணீர் மாற்றும்போது சிந்துவது மூலை வழியாக உள்ளே இறங்கினால் பலகை ஊதிப்போகும், அதன்பின் பலம் இருக்காது. மீன் தொட்டியைச் சுற்றி தண்ணீர் சிந்தாத வீடு கிடையாது.

ஸ்டாண்டின் மேல்பகுதி தொட்டியின் அடிப்பாகத்தைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. தொட்டியின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கண்ணாடி விரிசல் விடும்.

படி 4: மட்டம் பாருங்கள்

ஸ்டாண்டை அதன் இடத்தில் வைத்து, ரசமட்டம் கொண்டு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். சாய்வு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுத்து ஏற்றுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே தகடு சொருகுவது பெரிய தவறு. மொத்த எடையும் அந்த ஒரு புள்ளியில் இறங்கிக் கண்ணாடி உடையும்.

அடிச்சட்டம் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி என்றால், அடியில் முழு அளவுக்கு ஃபோம் ஷீட்டோ மெல்லிய தெர்மாகோலோ விரியுங்கள். ஸ்டாண்டின் மேல் இருக்கும் ஒரு சின்ன மணல் துகள்கூட அடிக்கண்ணாடியை உடைக்கக்கூடும், அந்த விரிப்பு அதை வாங்கிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு இது தேவையில்லை. அது சட்டத்தின் மேலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

படி 5: ஃபில்டர் என்ன வேலை செய்கிறது

ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டும் கருவி என்று நினைக்கிறோம். அது பாதி வேலைதான். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கண்ணுக்குத் தெரியாத இந்த விஷம், தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும்போதே மீனைக் கொன்றுவிடும். ‘தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு, ஏன் செத்துச்சு?’ என்று கேட்கும் பலருக்கும் பதில் இதுதான்.

ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் (நுண்துளைகள் உள்ள பீங்கான் வளையம்) ஒட்டி வளரும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். ஆகவே ஃபில்டர் வாங்கும்போது மோட்டாரின் வேகத்தை மட்டும் பார்க்காமல், பாக்டீரியா தங்க உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

படி 6: எந்த ஃபில்டர்?

அளவுக்கு எளிய கணக்கு: தொட்டித் தண்ணீர் மணிக்கு 4 முதல் 5 முறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். நம் 72 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு ஏறத்தாழ 290 முதல் 360 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிட உண்மையான ஓட்டம் குறைவாகவே இருக்கும், அதுவும் ஸ்பாஞ்சில் அழுக்கு சேரச் சேரக் குறையும். அதனால் 400 லிட்டர் அளவில் வாங்குவது சரி.

ஆனால் மீனைப் பார்த்துத்தான் கடைசி முடிவு. ஃபைட்டர் மாதிரி நீளத் துடுப்புள்ள மீனுக்கு வேகமான ஓட்டம் ஆகாது, நீந்தி நீந்திக் களைத்துவிடும். கோல்ட் ஃபிஷ் நிறையக் கழிவு போடும், அதற்குக் கணக்கைவிடப் பெரிய ஃபில்டரே வேண்டும். குஞ்சு மீனையும் குட்டி இறாலையும் மோட்டார் ஃபில்டர் உறிஞ்சிவிடும்.

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் புதியவர்களுக்கு என் முதல் சிபாரிசு. மென்மையான ஓட்டம், பாக்டீரியாவுக்கு நிறைய இடம், கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கி பம்புக்குள்ளும் தரையிலும் கொட்டும்.

தொட்டிக்குள் ஒட்டவைக்கும் இன்டர்னல் ஃபில்டர் நடுத்தரத் தொட்டிகளுக்குச் சரி; உள்ளே இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். பின்பக்க விளிம்பில் தொங்கவிடும் வகையைச் சுத்தம் செய்வது சுலபம். அதற்குச் சுவரிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட வேண்டியிருக்கும், ஸ்டாண்ட் வைக்கும்போதே விட்டுவிடுங்கள். மூடிய டப்பா மாதிரி இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பெரிய தொட்டிக்கானது. அது தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் நிற்கும். எனவே ஸ்டாண்டின் உள் உயரம், கேனிஸ்டரும் அதன் மேல் வளையும் டியூபும் அடங்கும்படி இருக்க வேண்டும். திறந்து கழுவ வெளியே எடுக்கவும் வழி வேண்டும்.

படி 7: பொருத்தி ஓட்டுங்கள்

ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டியைப் பாதி நிரப்பி மறுபடி மட்டம் பாருங்கள். சரியாக இருந்தால் முழுக்க நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

பாக்டீரியா வளர்ந்து நிலைக்கப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். வெறும் தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டால் போதாது, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும்: தினம் ஒரு துளி மீன் தீனி போடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் மீன் விடலாம். முதலில் இரண்டு மூன்று மட்டும்.

ஃபில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ராத்திரி சத்தம் என்று நிறுத்தாதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் பிழிந்து கழுவுங்கள். ஸ்பாஞ்சும் ரிங்கும் இரண்டும் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் தொடாமல், ஒன்றைக் கழுவிய பின் இரண்டு வாரம் விட்டு அடுத்ததை எடுங்கள்.