பழைய கைமுறை லென்ஸ்களை இன்றைய கேமராவில் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஆறு மாதங்களில், பழைய லென்ஸ் வாங்கிய மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவருடைய லென்ஸில் தொலைவில் உள்ள எதுவும் தெளிவாக விழவில்லை. இன்னொருவருக்கு வளையத்தை எவ்வளவு திருப்பியும், ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் மூடவில்லை. மூன்றாமவர் தம் லென்ஸை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாகம் பாகமாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இந்த மூன்று தவறுகளையும் நானும் செய்திருக்கிறேன். மூன்றாவதற்குக் கொடுத்த விலையை இன்றும் மறக்கவில்லை. மூடியைக் கழற்ற மறப்பது போன்றவை முதல் படத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, படம் எடுத்த பிறகும் காரணம் பிடிபடாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அடாப்டர் வெறும் இணைப்பு வளையம் என்று எண்ணுவது

1949இல் டிரெஸ்டனில் உருவான கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்த எம்42 திருகு மவுன்ட்டில் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு), லென்ஸின் அடிப்பகுதிக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் 45.46 மி.மீ. சோனியின் இ மவுன்ட்டில் அதே தூரம் 18 மி.மீ. மட்டுமே. கண்ணாடிப் பெட்டியும் மடங்கும் ஆடியும் இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு ஏறக்குறைய எல்லாப் பழைய எஸ்எல்ஆர் (ஆடி வைத்த கேமரா) லென்ஸ்களும் பயன்படத் தொடங்கியதற்கு இந்த இடைவெளியே காரணம். அந்த 27.46 மி.மீ. வெற்றிடத்தைச் சரியாக நிரப்புவதுதான் அடாப்டரின் ஒரே வேலை. உள்ளே கண்ணாடி கிடையாது, மின்னணுவியல் கிடையாது. தடிமன் ஒன்றுதான் உண்டு. விலை குறைவு என்பதற்காக வாங்கும் அடாப்டரில் பிழைபடுவதும் அந்தத் தடிமன்தான்.

எவ்வளவு பிழை பொறுக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் கடுமை விளங்கும். 58 மி.மீ. லென்ஸ் ஒன்றை முடிவிலியிலிருந்து (எல்லையற்ற தொலைவிலிருந்து) 10 மீட்டருக்கு ஃபோகஸ் செய்ய, அதைச் சுமார் 0.34 மி.மீ. முன்னே நகர்த்தினால் போதும். அதாவது அடாப்டர் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டால் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவடையாது. 28 மி.மீ. லென்ஸுக்கு இதே அளவு வெறும் 0.08 மி.மீ.; நாம் அச்சிடும் சாதாரண வெள்ளைத் தாளின் தடிமனைவிடக் குறைவு. இதற்கு அஞ்சியே பல தயாரிப்பாளர்கள் அடாப்டரை வேண்டுமென்றே சற்று மெலிதாகக் கடைகிறார்கள். அப்போது முடிவிலி கிடைத்துவிடும். ஆனால் வளையம் முட்டி நிற்கும் இடத்தில் அல்ல, அதற்குச் சற்று முன்பே. 0.1 மி.மீ. மெலிந்த அடாப்டரில் 28 மி.மீ. லென்ஸின் அளவுகோல் ஏறக்குறைய 8 மீட்டரைக் காட்டும்போதே மலையுச்சி தெளிவாகிவிடும். பழைய பழக்கத்தில் வளையத்தை முட்டும் வரை திருப்பிவிட்டு இரவு வானத்தைப் படம் எடுப்பவர்களுக்கு நட்சத்திரங்கள் வட்டவட்டமாக விழுவது இதனால்தான்.

புது அடாப்டர் வந்ததும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ நிலவையோ திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த லென்ஸுக்கும் அந்த அடாப்டருக்கும் இனி அதுவே முடிவிலி. லென்ஸைப் பிடித்து இலேசாக ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அந்தப் பழியை அறுபது வருட லென்ஸின்மேல் போடுவது நியாயமில்லை. அடாப்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் ஒளி அங்கே சிதறிப் படம் வெளுக்கும் என்பதால், உள்ளே மங்கலான கறுப்புப் பூச்சு உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 லென்ஸ்

நிக்கான் எஃப் மவுன்ட்டின் தூரம் 46.5 மி.மீ.; எம்42ஐவிட அதிகம். கழித்தால் மிஞ்சுவது எதிர்மறை எண்; அதனால் வெறும் வளையத்தை வைத்தால் முடிவிலி கிடைக்காது. கண்ணாடி வைத்த அடாப்டர் முடிவிலியைத் திருப்பித் தரும். ஆனால் எந்தத் தன்மைக்காகப் பழைய லென்ஸை வாங்கினீர்களோ அந்தத் தன்மையை அந்த மலிவான கண்ணாடி கெடுத்துவிடும். வேண்டாம்.

முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு மூடுவது

ஃபிலிம் காலத்து எஸ்எல்ஆரில் அப்பர்ச்சரை மூடினால் வியூஃபைண்டர் இருண்டுவிடும் என்பதால் லென்ஸை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு அப்பர்ச்சரை மூடிப் படம் எடுத்தார்கள். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸில் இரண்டு வளையங்கள் இருப்பதே அதற்காகத்தான்: ஒன்று எல்லையைக் குறிக்கும், மற்றது அந்த எல்லை வரை திறந்து மூடும். மின்னணு வியூஃபைண்டர் இருட்டைத் தானே ஈடுசெய்துவிடுவதால் இன்று அந்தத் தேவை இல்லை. பழக்கம் மட்டும் தொடர்ந்தால் தீங்கும் உண்டு. எஃப் 1.4, எஃப் 1.8 என்று துளை பெரிதாகத் திறக்கும் பழைய வேக லென்ஸ்களில் கோளப் பிறழ்ச்சி (விளிம்பு வழியாக வரும் ஒளியும் நடுவழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமை) மிகுதி என்பதால், அப்பர்ச்சரை எஃப் 2.8க்கு மூடும்போது ஃபோகஸ் விழும் தளமே சற்று நகரும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். எந்த அப்பர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். விளிம்புகளை வண்ணத்தால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைப் பெரிதாக்கிப் பார்த்து எடுங்கள். ஒளி-நிழல் வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்த பழைய கண்ணாடியில் பீக்கிங் ஒன்று எதையும் காட்டாது, அல்லது மூக்கு முதல் முதுகு வரை எல்லாவற்றையும் காட்டும்.

வீட்டில் உட்கார்ந்து லென்ஸைப் பிரிப்பது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பிற தவறுகளில் இழப்பது ஒரு நாள் படங்களை. இதில் அறுபது ஆண்டுகள் பிழைத்து வந்த ஒரு பொருள் ஒரே மாலையில் போய்விடுகிறது.

2014இல் நான் வாங்கிய முதல் ஹீலியோஸின் ஃபோகஸ் வளையம், உள்ளே கிரீஸ் காய்ந்து, இரண்டு கைகளாலும் திருப்ப வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தது. பத்து நிமிட வேலை என்று காட்டும் ஒரு காணொளியை நம்பி, வளையத்தின் மூன்று சிறு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே இருந்த மரையைச் சுற்றிக்கொண்டே வந்தபோது, அது எதிர்பாராத ஒரு கணத்தில் இரண்டாகப் பிரிந்து கைக்கு வந்தது. பழைய கிரீஸைக் கழுவித் துடைத்து, புதியதைத் தடவி மறுபடி பூட்டினேன். வளையம் வெண்ணெயாய்ச் சுழன்றது. மறுநாள் காலை மெரினாவில் கலங்கரை விளக்கத்தை நோக்கித் திருப்பியபோது, அது தெளிவடையவே இல்லை. ஏறக்குறைய பத்து மீட்டர் தொலைவில் இருந்த படகு வரைதான் அந்த லென்ஸால் பார்க்க முடிந்தது.

காரணம் மிக எளியது; அந்தக் காணொளியில்தான் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஹெலிகாய்ட் என்ற மரை, சாதாரணத் திருகில் உள்ளதுபோல ஒற்றை மரை அல்ல. குறைந்த சுழற்சியில் நெடுந்தூரம் நகர வேண்டும் என்பதற்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் பல மரைகளை அதில் வெட்டியிருப்பார்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவாயில் உண்டு. எந்த வாயிலில் நுழைத்தாலும் மரை இதமாகச் சுழலும், எங்கும் முட்டாது, தவறு என்று எந்த அறிகுறியும் காட்டாது. முடிவிலியைச் சரியான இடத்தில் தருவது அவற்றுள் ஒன்றே ஒன்றுதான். முன்கண்ணாடி சுழலாமல் நகரும் பல லென்ஸ்களில் உள்ளும் புறமுமாக இரண்டு ஹெலிகாய்ட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு வாயில்கள் என்று வைத்துக்கொண்டால் முப்பத்தாறு வழிகள். ஒவ்வொன்றையும் பூட்டி, கேமராவில் வைத்து, தொலைவைப் பார்த்து, திரும்பக் கழற்ற வேண்டும்.

நான் மூன்று இரவுகள் அப்படிக் கழித்தேன். இரண்டாம் இரவில் ஒரு திருகின் தலை தேய்ந்து போயிற்று. மூன்றாம் இரவில் திருப்புளி நழுவிப் பின்கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தது. கடைசியில் ஃபிலிம் கேமராக் காலத்திலிருந்து பழுதுபார்த்துவரும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கையில் வாங்குவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி: “கழண்ட எடத்துல கோடு போட்டீங்களா சார்?” போடவில்லை என்றேன். அவர் வாங்கிய கூலி லென்ஸ் விலையைவிட அதிகம். அவர் செலவிட்ட நேரத்தைப் பார்த்தால் அது குறைவான கூலியே. முடிவிலி திரும்பியது. கண்ணாடியில் விழுந்த கோடு அப்படியே இருக்கிறது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது எனக்குத் தெரிகிறது.

இந்த ஆண்டு டப்பாவோடு வந்த இளைஞரிடம் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதில் வந்தது. அவர் லென்ஸைப் பிரித்த காரணம்தான் என்னை அதிகம் வருத்தியது: உள்ளே நான்கைந்து தூசித் துகள்கள் தெரிந்தனவாம். லென்ஸுக்குள் கிடக்கும் தூசி படத்தில் தெரியாது. பழைய ஜெர்மன் கண்ணாடிகளில் காணும் சிறு காற்றுக் குமிழ்களும் தெரியா. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் படிந்திருப்பதைக் கண்டு பதறுவோர் பலர். ஷட்டர் விழும் கணத்தில் தகடுகள் தாமாக மூடிக்கொள்ள வேண்டிய ஃபிலிம் கேமராவில் அது உண்மையான கோளாறுதான். நாம் கையாலேயே முன்கூட்டி மூடிவைத்துக்கொள்ளும் மிரர்லெஸ் கேமராவில், தகடுகள் மெதுவாக நகர்ந்தாலும் பெரும்பாலும் இழப்பில்லை. லென்ஸைத் திறக்கத் தகுந்த காரணங்கள் மூன்றுதான்: விளக்கொளி பாய்ச்சினால் முழுக்கண்ணாடியும் பனிபோல மங்கித் தெரிவது, நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருப்பது, வளையம் அடியோடு இறுகிவிடுவது.

அப்படியே திறக்க நேர்ந்தாலும், விலைபெறாத, ஏற்கெனவே கெட்டுப்போன ஒரு லென்ஸில் முதலில் பழகுங்கள். ஜப்பானிய லென்ஸ்களின் திருகுகள் அந்நாட்டின் ஜேஐஎஸ் தரத்தில் வெட்டப்பட்டவை; கடையில் கிடைக்கும் வழக்கமான நட்சத்திரத் திருப்புளி அவற்றில் முழுமையாக உட்காராமல் நழுவித் தலையைத் தேய்த்துவிடும். பல திருகுகள் அரக்குப் பூச்சால் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், இளகாத திருகின்மேல் பலத்தைக் காட்டாமல் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துக் காத்திருங்கள். அது எழுத்துகளின் வண்ணத்தின்மேல் வழிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுங்கள். ஹெலிகாய்டைத் தொடும் முன் வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, இரு பகுதிகளையும் இணைத்து ஒரு கோடு கீறுங்கள். பிறகு ஒரு நூலளவாகத் திருப்பிக்கொண்டே வந்து, மரைகள் விடுபடும் அதே கணத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் இரண்டாவது கோட்டைக் கீறுங்கள். இந்த இரண்டு கோடுகள் இருந்தால் லென்ஸ் திரும்பிவரும். பூட்டிய பிறகு முடிவிலியில் மயிரிழை வேறுபாடு இருந்தால் அஞ்ச வேண்டாம். பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தின் சிறு திருகுகளைத் தளர்த்தி வளையத்தை மட்டும் நகர்த்தி அதைச் சரிசெய்துகொள்ள முடியும். வாயில் தவறியிருந்தால் மட்டும் அந்தச் சரிசெய்தல் பலிக்காது.

அழகான தோல் உறையிலேயே வைத்திருப்பது

லென்ஸோடு வரும் பழைய தோல் உறை கண்ணுக்கு அழகு. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். கடலோர ஊர்களில், சிறப்பாகச் சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில், இந்த உறைக்குள் ஒரு லென்ஸை மறந்து வைப்பது பூஞ்சையை வளர்ப்பதற்கு ஒப்பாகும். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால், பூஞ்சையைத் துடைத்த பிறகும் அரிப்பு நிற்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சிறு மானி ஆகியவை போதும். மானி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நின்றால் நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும்; பலர் அதை ஒருமுறை போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். வீட்டு வழக்கப்படி அந்துருண்டை போட வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படியக்கூடும். ஈரத்தை உறிஞ்ச அரிசி போட்டால் அது தூசியைத்தான் சேர்க்கும்.

மஞ்சளான டக்குமாரை அழுக்கு என்று தேய்ப்பது

பென்டாக்ஸின் ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர்-டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு; கதிரியக்கத்தால் அந்தக் கண்ணாடியே காலப்போக்கில் பழுப்பேறுகிறது. துடைத்தால் போகாது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாள்கள் வைத்தால் பெரும்பகுதி தெளியும். அந்தக் கண்ணாடியை உரசவோ மெருகேற்றவோ ஒருபோதும் முயலாதீர்கள். அதன் தூள் மூச்சில் போகக்கூடாது.

ஏ–எம் சுவிட்சை ஏயில் விடுவது

ஏ (தானியங்கி) நிலையில், அடாப்டர் லென்ஸின் பின்முனை ஊசியை அழுத்தாவிட்டால் அப்பர்ச்சர் மூடாது. சுவிட்சை எம்மில் (கைமுறை) வையுங்கள்.

குவியத் தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாமல் விடுவது

அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராவில் 135 மி.மீ. லென்ஸைப் பொருத்திவிட்டு, கேமராவின் மெனுவில் பழைய 50 மி.மீ. என்ற எண்ணையே விட்டுவைத்தால் தடுப்பு தவறான அளவில் வேலை செய்யும். லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணையும் மாற்றுங்கள்.

பின்பக்கத்தைப் பாராமல் பொருத்துவது

ஜுபிடர்-12 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் பின்கண்ணாடி கேமராவுக்குள் ஆழமாக நீண்டு செல்லும். முதலில் அளவுகோலால் அளந்து பாருங்கள். உள்ளே தடுப்போ சென்சாரோ தொடும் என்று தோன்றினால் பொருத்தாதீர்கள்.