இளவயது சர்க்கரை நோய்: வைட்டமின் டி மாத்திரையும் கவனிக்கப்படாத கல்லீரலும்

இளவயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்களின் பரிசோதனை அறிக்கையில் வைட்டமின் டி குறைவு என்று இருப்பது சாதாரணம். டி ஏறினால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்று நம்புவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. தினமும் 4,000 யூனிட் எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் நோய் வந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குறைபாட்டைச் சரிசெய்யத்தான் வேண்டும். எலும்புக்கு அது அவசியம். சர்க்கரை மருந்துக்கு அது மாற்று ஆகாது.

அளவு மாறிப்போவது இன்னும் ஆபத்து. 60,000 யூனிட் மாத்திரையைப் பொதுவாக வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்றுதான் எழுதித் தருவார்கள். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்குபவர்கள் உண்டு. அப்படி மாதக்கணக்கில் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல் வரும். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு சர்க்கரைதான் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குளுக்கோமீட்டரில் அளவு சரியாக இருந்தும் தாகம் அடங்கவில்லை என்றால், கால்சியமும், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்றதும் கல்லீரலை மறந்துவிடுவது அடுத்த தவறு. அந்த அளவு சரியாக இருக்கும்போதே கொழுப்பு படிந்திருக்கலாம், ஒல்லியானவர்களுக்கும்கூட. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்கள் கல்லீரல் ஸ்கேன் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. உடல் பருமன் இருந்தால் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் நன்றாகத் தேறும், சர்க்கரையும் இறங்கும்.

கல்லீரல் கெட்டுவிடும் என்று பயந்து சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினை நிறுத்திவிட்டு, சீந்தில் பொடிக்கு மாறுபவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. கொழுப்புக் கல்லீரலுக்காக மெட்பார்மினை நிறுத்தத் தேவையில்லை. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்ததைத்தான் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 வகை உள்ளவர்கள் எதை நம்பியும் இன்சுலினை நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை இறங்கும்போது கல்லீரல்தான் குளுக்கோஸை விட்டு ஈடுகட்டும். குடித்த இரவில் அந்த வேலை தடைபடுகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டவருக்குப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்திலேயே தாழ்சர்க்கரை வரலாம். வியர்வையும் குழறலும் பார்ப்பவர்களுக்குப் போதையாகவே தெரியும். அறையில் உடனிருப்பவர்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.