வார்ஹாமர் 40,000: புதிதாக ஆடுபவர்களுக்கு

மேசைமேல் சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் இந்தப் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எதிரியின் படையை அழிப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். ஆனால் ஜெயிக்க வைப்பது புள்ளிதான். 10-ஆம் பதிப்பில் மொத்தமே 5 சுற்று. மேசையில் வைத்திருக்கும் இலக்குக் குறிகளை யார் பிடித்து வைத்திருக்கிறார் என்பதற்கே பெரும்பகுதிப் புள்ளி.

குறியிலிருந்து 3 அங்குலத்துக்குள் நிற்கும் வீரர்களின் ஓசி (OC, Objective Control: குறியைப் பிடிக்கும் திறன்) எண்ணைக் கூட்டுங்கள். எதிராளியைவிட ஒன்று கூடினாலும் குறி உங்களுடையது; சமமானால் யாருக்கும் இல்லை. ஒரு துப்பாக்கிச் சூட்டை விட்டுவிட்டு ஒரு வீரரை உள்ளே நகர்த்துவது பல நேரம் அதிக லாபம்.

அப்புறம் அளவு டேப். எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம், விதியே அனுமதிக்கிறது. தயங்காமல் அளந்துவிட்டு நகர்த்துங்கள்.

டீப் ஸ்ட்ரைக்கில் (வெளியே காத்திருந்த படையை ஆட்டத்தின் நடுவே இறக்குவது) இறங்கிய கையோடு சார்ஜ் செய்ய, அதாவது எதிரிமேல் பாய்ந்து கைகலக்க, ஆசை வரும். எதிரியிலிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால்தான் இறங்க முடியும், பாயும் தூரத்தைப் பகடைதான் முடிவு செய்யும் என்பதால் இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 வாய்ப்பில் அது 10 மட்டுமே. மறுவீச்சுக்கு வழியில்லாமல் அதை மட்டும் நம்பி உங்கள் சிறந்த யூனிட்டை (வீரர் குழுவை) வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள்.

தோற்றதும் படைப் பட்டியலை மாற்றவும் வேண்டாம். அதே படையோடு சில ஆட்டம் ஆடினால்தான் தவறு பட்டியலிலா, நகர்த்தலிலா என்று தெரியும்.